புரட்டாசியில் எடுத்த புள்ளிவிவரம்

வரைபடம் போடப் புதிதாகக் கற்றுக்கொண்ட இளைஞன் கையில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கடையை ஒருபோதும் ஒப்படைக்கக் கூடாது. ஸ்கூட்டர் ஓட்டப் பழகியவன் தேவையே இல்லாமல் தெருவைச் சுற்றிச் சுற்றி வருவதைப் போல, அவன் கண்ணில் படுவதையெல்லாம் அட்டவணை ஆக்குவான். அட்டவணை ஆனதையெல்லாம் படமாக வரைவான். வரைந்ததையெல்லாம் நம்புவான். மூன்றாவதுதான் ஆபத்து.

எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த நேரத்தில்தான் சம்சுதீன் மாமா மக்காவுக்கு உம்ரா யாத்திரை கிளம்பினார்.

மாமா என்றால் என் அம்மாவின் அண்ணன். பூந்தமல்லியில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மஸ்கட். பி.காம். முடித்ததும் அத்தா என்னை இங்கே அனுப்பி, அம்பத்தூரில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் நடந்த புள்ளிவிவரப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டார். அங்கே சார் முதல் நாளே சொன்னார்: "டேட்டா பேசும். நாமதான் காது குடுத்துக் கேக்கணும்." (என் விஷயத்தில் அது பேசவில்லை, கத்தியது. நான்தான் காதைப் பொத்திக்கொண்டேன்.)

அந்த நாட்களில் எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போது கால் ஆடும். தூங்கும்போதும் ஆடும் என்று மாமி சொல்வார். ஏதாவது ஒன்றைச் சீக்கிரம் செய்து, நான் யார் என்று உலகத்துக்குக் காட்டிவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் ஒரு நமைச்சல். மாமி எந்த வாரம் எத்தனை தடவை உப்புமா செய்தார் என்று பட்டை வரைபடம் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். மறுநாள் அதன் மேல்தான் வடை எண்ணெய் வடிந்துகொண்டிருந்தது.

உம்ராவுக்கு மாமாவும் மாமியும் சேர்ந்தே போனார்கள். கிளம்பும் அன்று மாமா என்னைக் கல்லாவில் உட்காரவைத்துச் சொன்னார்:

"ரியாஸு, இந்த மாசம் வியாபாரம் கொஞ்சம் டல்லாத்தான் இருக்கும். கண்டுக்காதே. புதுசா ஒண்ணும் பண்ணாதே. சும்மா ஒக்காந்திரு, அது போதும். நான் வந்ததும் ஒன்னைய கடையிலயே வச்சிக்கலாமா, வேற வேலைக்கு அனுப்பலாமான்னு ஒரு முடிவு பண்ணுவோம்."

நான் பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும். 'சும்மா உட்கார்' என்பதை என்னிடம் சொல்லியிருக்கவே கூடாது.

மாமா விமானம் ஏறியது செப்டம்பர் பாதிக்கு மேல். (தமிழ்நாட்டில் வளர்ந்தவர்கள் இப்போதே சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள். சிரியுங்கள். எனக்குச் சித்திரை முதல் பங்குனி வரை வரிசையாகச் சொல்லத் தெரியும். ஆனால் எந்த மாதம் எப்போது வரும், வந்தால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதை மஸ்கட்டில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.)

கடையில் காதர் மாஸ்டர்தான் பிரியாணி போடுபவர். ஆம்பூர்க்காரர். மாமா போன மறுநாளே அவரும் வருடாந்திர லீவில் ஊருக்குப் போய்விட்டார். அவருடைய உதவியாள் சின்ன அண்டாவில் தம் போட்டார். அந்தச் சின்ன அண்டாவிலேயே பாதி மிஞ்சியது. பார்சல் பகுதியைப் பார்த்துக்கொண்ட செல்வியக்கா, திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருபவர், மதியத்துக்கு மேல் கொட்டாவி விட்டுக்கொண்டு ஈ ஓட்டினார். நான் மட்டும் கல்லாவுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். என் பொறுப்பில் கடை மூழ்குகிறது!

ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தினமும் மட்டன் எவ்வளவு போனது, சிக்கன் எவ்வளவு, குஸ்கா எவ்வளவு என்று நான்கு குச்சி நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே போட்டு எண்ணினேன். அட்டவணையாக்கினேன். படம் வரைந்தேன். மட்டன் பட்டை தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மாமாவின் பழைய வாடிக்கையாளர்கள் யார் யார் என்று செல்வியக்காவிடம் விசாரித்து வைத்துக்கொண்டேன். அவர்கள் கடையைத் தாண்டிப் பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது, அட்டையும் பேனாவுமாக ஓடிப் போய் மறித்தேன். வராத காரணத்துக்கு ஐந்து கட்டங்கள் வைத்திருந்தேன்: விலை, எண்ணெய், தூரம், உடல்நலம், இதர.

முதலில் மாட்டியவர் பட்டாபிராமிலிருந்து வேலைக்கு வரும் ஓர் அண்ணன். ஆள் நல்ல வாட்டசாட்டம்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமைன்னா தவறாம வருவீங்களாமே. இப்ப ஏன் வரதில்ல?"

"மாசம்பா," என்றார் நடந்துகொண்டே.

"மாசம்னா? மாசக் கடைசி, கையில காசு இல்லன்னு சொல்றீங்களா?"

"இன்னாபா நீ, பாய் கடைல ஒக்காந்துகினு இப்டி கேக்கற? மாசம்னா மாசம்தான்."

"விலை அதிகமாண்ணே?"

"இல்லபா."

"எண்ணெய்?"

"அதெல்லாம் இல்ல."

"உடம்புக்கு ஏதாவது..."

அவர் நின்றுவிட்டார். "ஒடம்புக்கு இன்னா? கல்லு மாரி கீறேன்! இன்னாத்தயாவது எய்திக்கோ. வுடுபா, பஸ்ஸு வந்துட்ச்சி."

'மாசம்' என்பதற்கு என்னிடம் கட்டம் இல்லை. 'இதர'வில் ஒரு குச்சி போட்டேன். அடுத்து வந்த ஆவடிக்கார அக்காவும் "மாசம்" என்றார். அவருக்குப் பின்னால் வந்த ஆசிரியரும் இளநீர்க்காரரும் அதையேதான் சொன்னார்கள். எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்களே, அதற்கு என்ன பொருள் என்று ஒருவரையாவது உட்காரவைத்துக் கேட்டிருக்கலாம். நான் உட்காருகிற ஆளா? இதர, இதர, இதர என்று குச்சி நட்டுக்கொண்டே அடுத்தவரைத் துரத்தினேன்.

சாயங்காலம் கணினியில் வட்டப் படம் போட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை. வட்டம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் 'இதர'. ஓரத்தில் மட்டும் எலி கடித்த தோசை மாதிரி மற்ற நான்கு காரணங்களும் மெல்லிய துணுக்குகளாகத் தெரிந்தன. இதை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன சொல்வது? 'இதர' என்பது ஒரு பதிலா? அதனால் யாருக்கு என்ன பயன்?

'இதர' வரிசையைத் தேர்ந்தெடுத்து, அழித்தேன்.

கணினிக்கு மனசாட்சி கிடையாது. மிச்சமிருந்த நான்கு துணுக்குகளையும் உப்ப வைத்து வட்டத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டது. சர்க்கரை இருக்கிறது, பி.பி. இருக்கிறது என்று சொன்ன சில பெரியவர்களின் 'உடல்நலம்' பாதி வட்டத்துக்கும் மேல் பச்சைப் பசேலென்று பரந்து நின்றது. எனக்குப் புல்லரித்தது. பூந்தமல்லியே கறியை விட்டுவிட்டு ஆரோக்கியத்தின் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது! இந்த மாற்றத்தை முதலில் பார்த்தவன் நான்!

மறுநாளே காளான் பிரியாணி, காலிஃபிளவர் வறுவல் இரண்டையும் அறிமுகப்படுத்தினேன். செல்வியக்கா அசந்துபோனார்.

"சூப்பர் ஐடியா தம்பி! பாய்க்கு இத்தினி வருசமா இது தோணல பாரு. ஆனா ஒண்ணு, தனி அடுப்பு, தனி ஏனம்னு போர்டு வெச்சிரு. அப்பத்தான் நம்ம ஜனம் வரும்."

வைத்தேன். ஜனம் வந்தது. பட்டாபிராம் அண்ணனே வந்து இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு, "கில்லாடிபா நீ, டயம் பாத்து அடிக்கற," என்று முதுகில் தட்டினார். 'டயம்' என்று அவர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பாராட்டும்போது யார் குறுக்கே கேள்வி கேட்பார்கள்?

காளான் விற்பனையைக் கோட்டு வரைபடமாகப் போட்டேன். கோடு நாளுக்கு நாள் ஏறியது. அது அப்படியே போனால் எங்கே போகும் என்று புள்ளிப் புள்ளியாக நீட்டிப் பார்த்தேன். தாளைத் தாண்டிவிட்டது. இன்னொரு தாள் ஒட்டினேன். அதையும் தாண்டியது. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியபோது கோட்டின் முனை மின்விசிறியைத் தொட ஆசைப்பட்டது போல் உத்தரம் வரை போயிற்று. பக்கத்தில் அந்தப் பச்சை வட்டம். மேலே, 'உங்கள் ஆரோக்கியம், எங்கள் அக்கறை' என்று வண்ண எழுத்து.

அந்த மாதச் சனிக்கிழமைகளில், நெற்றியில் நாமம் போட்ட பிள்ளைகள் கையில் சொம்போடு 'கோவிந்தா, கோவிந்தா' என்று தெருவில் வந்தார்கள். நானும் அரிசி போட்டேன். நல்ல பிள்ளைகள் என்று நினைத்தேன். அவர்களையும் என் மட்டன் பட்டையையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

கடைசியில் அந்தச் சனிக்கிழமை வந்தது. மறுநாள் மாமா வருகிறார். விமான நிலையத்திலிருந்து சொந்தபந்தங்களோடு வேனில் நேராகக் கடைக்கு. "நம்ம கடை பிரியாணி நாக்குலயே நிக்குதுடா. எல்லாருக்கும் எடுத்து வை," என்று ஜித்தாவிலிருந்து பேசியிருந்தார். அவரை அசத்திவிட வேண்டும். கறிக்கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"நாளைக்குக் கறி வேணாம் பாய்."

"நாளைக்கா?" என்றார்.

"ஆமா."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"தெரியும் பாய். கோழியும் வேணாம்."

"தம்பி, நல்லா ரோசனை பண்ணித்தான் சொல்றியா? சம்சு பாயைக் கேட்டியா?"

"நான் டேட்டாவைப் பாத்துட்டுத்தான் சொல்றேன் பாய்."

"அது யாருன்னு எனக்குத் தெரியாது. வேணாம்னா சரி, எனக்கு நாளைக்கு ஆளா இல்ல?" என்று அவசரமாக வைத்துவிட்டார். நான் மனம் மாறிவிடுவேனோ என்ற பயம் அவருக்கு.

காளானையும் காலிஃபிளவரையும் மூட்டை மூட்டையாக இறக்கி வைத்துவிட்டு, சுவரில் இருந்த கோட்டை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தூங்கப் போனேன்.

ஞாயிறு காலை, லீவு முடிந்து காதர் மாஸ்டர் நேராக ஆம்பூரிலிருந்து வந்து இறங்கினார். பெரிய அண்டாவைத் தானே உருட்டிக்கொண்டு வந்து அடுப்பில் ஏற்றினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஃப்ரீசரைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"தம்பி, கறி வண்டி லேட்டா?"

"வராது மாஸ்டர். வேணாம்னுட்டேன்."

"அந்த மூட்டையில என்ன?"

"காளான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டது போல ஒரு பரிதாபம்தான் இருந்தது. அந்த நேரத்தில் செல்வியக்கா, தலையில் பூவும் முகத்தில் பவுடருமாக, திருவிழாவுக்கு வருகிற மாதிரி உள்ளே வந்தார்.

"மாஸ்டரே, இன்னிக்கு ரெண்டு அண்டா பத்தாது. மூணாப் போடு. வர வழில எல்லாக் கறிக்கடைலயும் கூட்டம் ரோடு வரிக்கும் நிக்குது." என் முகத்தைப் பார்த்தார். "இன்னா தம்பி?"

"அக்கா... கூட்டமா? ஏன்?"

"ஏனா? நேத்தோட பொரட்டாசி முடிஞ்சி போச்சில்ல!"

"புரட்டாசி முடிஞ்சா என்னக்கா?"

அக்கா கையில் இருந்த பார்சல் கவர்க் கட்டு கீழே விழுந்தது. "ஐயோ தம்பி! மாசம் முச்சூடும் ஜனம் கவிச்சி தொடாதே, பெருமாளுக்கு வெரதம்! அதுக்கோசரம்தானே நீ காளான் போட்ட? நாங்கூட இன்னா மூளை இந்தத் தம்பிக்குன்னு ஊடு முய்க்க சொல்லி வெச்சிருக்கேனே!"

சுவரில் இருந்த பச்சை வட்டத்தைப் பார்த்தேன். அதில் இல்லாத சாம்பல் துண்டு எனக்கு இப்போது மிகத் தெளிவாகத் தெரிந்தது.

அப்புறம் என் கால்கள் தரையில் நிற்கவில்லை. கறிக்கடைக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மாமாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரில் ஓடினேன். "ஒங்க கறி விடியறதுக்குள்ள வேற கடைக்குப் போயிட்ச்சே," என்றார் வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல். அடுத்த கடையில் வரிசை. அதற்கடுத்த கடையில் வரிசை தெருமுனை திரும்பி, முந்தின கடையின் வரிசையோடு கலந்து, எது எந்த வரிசை என்றே தெரியாமல் சண்டை நடந்துகொண்டிருந்தது. திருவேற்காடு போனேன். அங்கே கோழிக்கடையில் கூண்டு காலி. ஆவடி சாலையில் ஒரு கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "மதியானத்துக்கு மேல வாங்க," என்றார்கள். ஒரு மாதம் கறி தொடாத ஜனங்கள் எல்லாரும் ஒரே காலையில் எழுந்து, எனக்கு முன்னால் போய் நின்றிருந்தார்கள்.

கடைசியில் எனக்குக் கிடைத்தது முட்டை. அட்டை அட்டையாக வாங்கி ஸ்கூட்டரின் முன்னாலும் பின்னாலும் அடுக்கிக்கொண்டு பறந்தேன். பூந்தமல்லிக்குள் நுழையும் இடத்தில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில்தான் மாமாவின் போன் வந்தது, நான் பாக்கெட்டில் கையை விட்டேன்.

கடை வாசலுக்கு நான் வந்து சேர்ந்தபோது சட்டை, பேண்ட், ஸ்கூட்டர் எல்லாம் மஞ்சள் கரு. கடை முன்னால் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. குடும்பம் குடும்பமாக, டிபன் கேரியரும் தூக்குவாளியுமாக. செல்வியக்கா கல்லா மேல் ஏறி நின்று, "காளான் மட்டும்தான் கீது! கத்தாதீங்கபா!" என்று அவரே கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாது, காளானா? ஒரு மாசமா அதத்தானே துன்னோம்!"

"பாய் எங்க? பாயைக் கூப்புடு!"

நான் ஸ்டூலில் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சட்டையில் வழிகிற முட்டையோடு சுவரில் இருந்த வட்டப் படத்தைச் சுட்டிக்காட்டி, "கோவிச்சுக்காதீங்க! நீங்க சொன்னதைத்தான் நான் இதுல போட்டிருக்கேன்!" என்றேன்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பட்டாபிராம் அண்ணன் முன்னால் வந்தார். கையில் ஐந்தடுக்கு கேரியர். படத்தை நெருங்கி, ஒவ்வொரு நிறத்தையும் விரலால் தொட்டுப் படித்தார்.

"வெல... எண்ண... தூரம்... ஒடம்பு. நான் மாசம்னு சொன்னேனே, அது எங்க?"

"அது... இதரல போட்டேண்ணே."

"இதர எங்க?"

"அழிச்சிட்டேன்."

"ஏம்பா?"

"படம் அழகா இல்ல."

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "கேட்டுக்கங்கபா. நம்மள எல்லாம் அழிச்சிட்டாராம். நாம அழகா இல்லியாம்!"

எங்கேயோ பின்னாலிருந்து ஒரு குரல், "யோவ் காளான் பாய்!" என்றது. அவ்வளவுதான். குழந்தைகள் முதற்கொண்டு சிரித்தார்கள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் வேன் வந்து நின்றது. கதவு திறந்து, மொட்டைத்தலையும் வெள்ளைத் தொப்பியுமாக மாமா இறங்கினார். பின்னால் மாமி, இரண்டு மகள்கள், மருமகன்கள், அவர்களுடைய வீட்டார். மாமா முதலில் கூட்டத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு ஸ்டூல் மேல் மஞ்சளாக நின்ற என்னைப் பார்த்தார். செல்வியக்கா அவர் காதருகே போய் ஏதோ சொன்னார். மலர்ந்த முகம் மெதுவாகக் கூம்பியதை அங்கிருந்தே பார்த்தேன். இறங்கி ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓட வழியில்லாமல் நாலாபுறமும் மாமாவின் வாடிக்கையாளர்கள்.

மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கை கூப்பினார்.

"மன்னிச்சிக்கங்க. புள்ள வெளிநாட்டுல வளந்தவன். அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க, நானே நின்னு பரிமாறறேன். இப்ப வெறுங்கையோட போவாதீங்க."

உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் கொடுப்பதற்காக மதீனாவிலிருந்து சுமந்து வந்த பேரீச்சம்பழப் பெட்டிகளை வேனிலிருந்து இறக்கச் சொன்னார். மாமி ஒரு பெட்டியை மட்டும் மடியில் மறைக்கப் பார்த்தார். மாமா அதையும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு கையிலும் ஒரு பிடி. மட்டன் பிரியாணிக்கு வந்த ஊர், பேரீச்சம்பழத்தோடு திரும்பிப் போயிற்று. பட்டாபிராம் அண்ணன் மட்டும் கேரியரை நீட்டி, "எனக்குக் காளானே போடுபா, ஊட்ல கொயந்தைங்க காத்துகினு கீதுங்க," என்றார். அவரை அந்த நிமிடம் கட்டிப் பிடித்திருப்பேன். சட்டை அனுமதிக்கவில்லை.

அப்புறம் வேனில் வந்த எல்லாரும் உள்ளே உட்கார்ந்தார்கள். காதர் மாஸ்டர் வாழ்நாளில் முதல் முறையாகத் தன் கையால் காளானுக்குத் தம் போட்டிருந்தார். மாமா ஒரு வாய் எடுத்து, மெதுவாக மென்றார். மருமகன் வீட்டார் அவர் முகத்தையே பார்த்தார்கள். நான் சுவரோடு சுவராக நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கால் ஆடாமல் காத்திருந்தேன்.

"உப்பு சரியா இருக்கு," என்றார் மாமா.

பிறகு விரலை நக்கிக்கொண்டு சுவரை நிமிர்ந்து பார்த்தார். உத்தரம் வரை ஏறிய கோட்டைப் பார்த்தார். "ரியாஸு, நீ வேற வேலைக்கே போ," என்றார்.

போனேன். இப்போது அம்பத்தூரில் ஓர் அலுவலகத்தில், பிறர் சேகரித்த விவரங்களைச் சரிபார்ப்பதுதான் எனக்கு வேலை. 'இதர'வில் பாதிக்கு மேல் விழுந்திருந்தால், போய் மறுபடி கேட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். என்னைக் கண்டால் அங்கே எல்லாருக்கும் எரிச்சல்.

ஆனால் பூந்தமல்லியில் என் வேலை என்னவென்று யாருக்கும் தெரியாது. என் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. புரட்டாசி பிறந்தால் மாமா கடை வாசலில் 'காளான் பாய் ஸ்பெஷல்' என்று பலகை வைக்கிறார். நல்ல விற்பனை. என் நிக்காஹ்வுக்கு நண்பர்கள் மண்டப வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். அதில் என் முகத்துக்குக் கீழே 'மணமகன்: காளான் பாய்' என்று மட்டும்தான் இருந்தது. பெண் வீட்டார் தவறான மண்டபம் என்று நினைத்து வேனைத் திருப்பப் போனார்கள்.

போன வருடம் என் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போயிருந்தோம். தலைமையாசிரியை குனிந்து, "அப்பா என்னவா இருக்காங்க கண்ணு?" என்று கேட்டார். அவள் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "காளான் பாயா இருக்காங்க," என்றாள். என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டாள். டாக்டர், இன்ஜினியர் போல அதுவும் படித்து வாங்குகிற ஒரு பட்டம் என்றுதான் மகள் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.